500 கிராம்



ஸூரத்துல் முதஃப்பிஃபீனை மக்தபில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன். நத்தத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஸூராவின் பொருளை விளக்குவது எளிது. மாங்காய்ப் பருவத்தில் மண்டி வாசலில் நிற்கும் தராசை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். பலருடைய தகப்பனார்கள் புளியும் மாங்காயும் நிறுத்து வாங்குபவர்கள், நிறுத்துக் கொடுப்பவர்கள். தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவனுக்குக் கேடு என்று சொன்னால், எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். நான் தராசு பிடிக்கும் தொழிலில் இல்லை. ஆகவே அந்த எச்சரிக்கை எனக்குரியதன்று என்று உள்ளூர ஒரு நிம்மதியும் எனக்கு இருந்தது. அந்த நிம்மதி என் வீட்டுக் கூடத்திலேயே, ஒரு தண்ணீர்ப் புட்டியாலும் ஒரு நூலாலும் குலைந்தது. அதை எழுதவே இந்தப் பதிவு.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றதைக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து தொடங்கிய ஆசை. மூன்றாண்டுகளுக்கு முன் டோக்கியோவில் போட்டியின் நடுவே அதே பெண்ணின் துப்பாக்கி பழுதாகி, இறுதிச் சுற்றுக்கான வாய்ப்பு நழுவிப்போன கதையை எங்கோ படித்து வந்து எனக்குச் சொன்னாள். கருவி கைவிட்ட பிறகும் ஒருத்தி திரும்பி வந்தாள் என்பதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

ஊரில் கேள்வி வராமல் இல்லை. "ஹஜ்ரத், பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கியா?" என்று ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் பள்ளிவாசல் ஹவுலருகே கேட்டார். உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை அவருக்கு நினைவூட்டினேன்: வலிமை என்பது எறிதலே என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று மூன்று முறை சொன்ன செய்தி. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டபோது, நபியவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துகொள்ள, மறுபக்கத்தார் கையை நிறுத்திக்கொண்டதும், எய்யுங்கள், நான் உங்கள் அனைவரோடும் இருக்கிறேன் என்று அவர்கள் கூறியதையும் சொன்னேன். பெரியவர் தலையசைத்தார். இந்த ஹதீஸ்களை பயான்களில் நாம் முழங்குவதற்குக் குறைவே இல்லை. வில்லை ஒருமுறையேனும் தொட்டுப் பார்த்தவர்கள்தான் நம்மில் அரிது. எங்கள் பகுதியில் இராவுத்தர் என்றாலே குதிரைவீரர் வழி என்று பெருமை பேசுவோம். குதிரை எப்போதோ போய்விட்டது, பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பெரியவருக்கு விடை சொல்லிவிட்டேன். ஆனால் என் தயக்கம் ஃபிக்ஹு சார்ந்ததன்று. தாடியும் தொப்பியுமாக ஒருவன், பக்கத்தில் முக்காடிட்ட பெண்பிள்ளை, மடியில் ஒரு பூட்டிய பெட்டி. நத்தத்திலிருந்து மதுரைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அமர்ந்து போக வேண்டும். பெட்டியைத் திறந்து காட்டு என்று யாரேனும் கேட்டால் என்ன சொல்வது? அது உரிமம் வேண்டாத வகைக் காற்றுத்துப்பாக்கி. குழலை விட்டு வெளிவரும் ஈயக் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 6 ஜூல்தான். கிளப்பின் கடிதமும், வாங்கிய ரசீதும், மகளின் அடையாள அட்டையும் பெட்டியின் மேலுறையிலேயே இருக்கின்றன. இருந்தும் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் என் உள்ளங்கை வியர்க்கும். இதுவரை எவரும் கேட்டதில்லை, அல்ஹம்துலில்லாஹ். வியர்ப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒரு நன்மை உண்டு. முதல் நாள் பயிற்சியில் சொல்லித் தந்த பாதுகாப்பு விதிகள் எதுவும் அவளுக்குப் புதிதாக இருக்கவில்லை. விளையாட்டாகக்கூட மனிதர் பக்கம் குழலைத் திருப்பாதே என்றார்கள். உடன்பிறந்தவனையேனும் இரும்பால் சுட்டுபவனை மலக்குகள் சபிக்கிறார்கள் என்பதை அவள் அறிவாள். பொது இடத்தில் ஆயுதத்தை மூடிக் கொண்டு போ என்றார்கள். பள்ளிவாசலிலும் கடைவீதியிலும் அம்போடு செல்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற ஏவல் அவளுக்குத் தெரியும். உயிருள்ள எதையும் குறிப்பலகையாக்காதே என்பதும் அப்படியே.

இனி விசைக்கு வருகிறேன்.

இந்தப் போட்டியில் ஒரு கையால் மட்டுமே துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும். 10 மீட்டருக்கு அப்பால் இருக்கும் தாளில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. 75 நிமிடங்களில் 60 குண்டுகள். துப்பாக்கிக்கு எடை உச்சவரம்பு உண்டு, 1500 கிராம். விசைக்கோ கீழ்வரம்புதான்: 500 கிராமுக்குக் குறைந்த அழுத்தத்தில் அது விடுபடக் கூடாது. போட்டிக்கு முன் பரிசோதனை மேசையில் துப்பாக்கியைக் காற்றேற்றிய நிலையில், குழல் வானை நோக்க நிறுத்தி, விசையின் நடுப்பகுதியில் எடைக்கல்லின் கொக்கியை மாட்டித் தூக்குவார்கள். கல் மேசையைவிட்டு எழும்பியும் விசை விடுபடாமல் இருந்தால் தேறியது. மூன்று முறை முயலலாம். போட்டி முடிந்த பிறகும் சிலரைத் திடீரென்று அழைத்துச் சோதிப்பார்கள். அப்போது தாங்காவிட்டால் அன்றைய உழைப்பு முழுவதும் தள்ளுபடி.

எங்களுடையது கைமாறி வந்த துப்பாக்கி. ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகும் மகளின் குண்டுகளில் மூன்றில் ஒன்று இடப்பக்கம் கீழே போய் விழுந்தது. வலக்கையால் சுடுபவர் விசையை வெடுக்கென்று இழுத்தால் பெரும்பாலும் நேரும் பிழை அது என்று பயிற்றுநர் முதலிலேயே சொல்லியிருந்தார். எனக்கு அது காதில் ஏறவில்லை. விசை கனமாக இருக்கிறது, பிள்ளையின் விரல் மெலிந்தது, கனத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்தேன். முதல் மாவட்டப் போட்டிக்கு முன், அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரம், எல் வடிவச் சாவியை எடுத்து விசைக்குப் பின்னாலிருந்த திருகாணியைத் தளர்த்தினேன்.

திண்டுக்கல் பூட்டைப் பிரித்துப் பார்த்தவருக்கு விசையின் உள்ளமைப்பு அந்நியமாகத் தெரியாது. ஒரு கொக்கி, அதைத் தாங்கும் ஒரு விளிம்பு, இரண்டையும் அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங். விரல் அழுத்தும்போது கொக்கி விளிம்பை விட்டு நழுவுகிறது, காற்று திறந்துகொள்கிறது. போட்டித் துப்பாக்கியில் இது இரண்டு கட்டமாக நிகழும். முதல் கட்டத்தில் விசை சிறிது தூரம் மென்மையாகப் பின்வாங்கி, ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். இரண்டாம் கட்டத்தில் தூரமே தெரியாது. சற்றே அழுத்தம் கூடினால் விடுபடும். ஒவ்வொரு கட்டத்தின் கனத்துக்கும் தனித்தனித் திருகாணி உண்டு. விடுபட்டபின் விசை மேலும் ஓடாமல் தடுக்கும் திருகாணி ஒன்றும் உண்டு. எதைத் தொட்டாலும் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது முறை. நான் எதையும் எழுதவில்லை. தோன்றியபடி திருப்பினேன்.

அன்று இஷாவுக்குப் பிறகு அவள் எடையைச் சோதித்தாள். எங்களிடம் எடைக்கல் இல்லை. மளிகைக் கடை மின்தராசில் புட்டி, மூடி, நூல், கம்பிக் கொக்கி எல்லாம் சேர்த்துச் சரியாக 500 கிராம் வரும்படி தண்ணீர் ஊற்றி வைத்திருந்தோம். அவள் கொக்கியை நடுவில் மாட்டித் தூக்கினாள். புட்டி தரையை விட்டு எழும்பும் முன்பே டக்கென்று விசை விடுபட்டது. மறுபடியும். மூன்றாம் முறையும்.

"அத்தா, தாங்கலையே."

"கொஞ்சந்தான் குறையுது தாயி. கொக்கியச் சித்த மேல தள்ளி மாட்டு, தாங்கும்."

அது உண்மைதான். விசை மேல்முனையில் உள்ள அச்சில் ஆடுகிறது. அச்சுக்கு அருகில் மாட்டினால் அதே 500 கிராமின் இழுவிசை தளர்ந்துவிடும். குறைந்த விசையும் நிறைந்த விசையாகத் தெரியும். என் கைகளாலேயே மாட்டிக் காட்டினேன். புட்டி எழும்பியது. விசை அசையவில்லை. மேசையில் இருப்பவர் அவசரத்தில் எங்கே மாட்டுகிறார் என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் சொன்னேன் என நினைக்கிறேன். அந்தச் சொற்களை மறக்க முயன்றதால் அவை எனக்குச் சரியாக நினைவில்லை.

மகள் கொக்கியைக் கழற்றித் தரையில் வைத்தாள். "நடுவுலதான் மாட்டணும்னு சார் சொன்னாங்க அத்தா" என்றாள். பிறகு, குரல் உயராமல், "நீங்கதானே எனக்கு அந்த ஸூராவ ஓதிக் கொடுத்தீங்க" என்றாள். எந்த ஸூரா என்று அவள் சொல்லவில்லை.

அந்த இரவு நான் சரியாக உறங்கவில்லை. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டுபவனுக்கும் கொக்கியை மேலே தள்ளுபவனுக்கும் என்ன வேறுபாடு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதில் அதிகமாக ஒன்றுண்டு: நான் எனக்காகச் செய்யவில்லை, பிள்ளைக்காகச் செய்தேன். அப்படிச் சொல்லிக்கொள்வது எவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்பதே எனக்கு அச்சமூட்டியது.

மறுநாள் பயிற்றுநரிடம் முழுவதையும் சொன்னேன். காவல்துறையில் பணிசெய்து ஓய்வுபெற்றவர். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஹஜ்ரத், கனத்தக் கொறச்சா தப்பு கொறையாது. தப்பு சீக்கிரமா வெளிய வரும், அவ்வளவுதான்" என்றார். துப்பாக்கியை வாங்கித் திருகாணிகளை இறுக்கி, மொத்த எடையை 515 கிராமாக வைத்தார். பதினைந்து கிராம் எதற்கு என்று கேட்டேன். சரியாக 500இல் வைத்தால் ஸ்பிரிங்கின் தேய்மானத்திலோ தூசியிலோ போட்டி நாளன்று 495 ஆகிவிடலாம். வரம்பின் விளிம்பில் நிற்கக் கூடாது என்றார். ஹராமின் வேலியோரம் ஆடு மேய்ப்பவனைப் பற்றிய ஹதீஸை நான் நினைத்துக்கொண்டேன், வாய் திறக்கவில்லை. அன்று போதனை செய்யும் நிலையில் நான் இல்லை.

515இல் ஏறத்தாழ 400 கிராமை முதல் கட்டத்திலேயே வைத்துவிட்டார். கை மேலிருந்து கீழிறங்கிக் குறிக்கு வரும்போதே விரல் அந்த நானூறையும் எடுத்துக்கொண்டு சுவரில் போய் அமர்ந்துவிட வேண்டும். எஞ்சிய நூற்றுச் சொச்சம் கிராம்தான் உண்மையான வேலை. ஆக, மொத்தத்தைக் குறைக்காமலே விரலுக்குச் சுமை குறைந்தது. விதிக்குள்ளேயே வழி இருந்திருக்கிறது. கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு விடுதல். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கை ஆடாமல் இருக்க முடியாது, அது எவருக்கும் ஆடும் என்பது முதல் பாடம். கை முழுவதும் ஒரே சீராக 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் விலகும், பத்து தப்பாது. ஆனால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 1 மில்லிமீட்டர் கோணல் விழுந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு முழத்துக்கும் குறைவு என்பதால், 10 மீட்டருக்கு அப்பால் அது ஏறக்குறைய 30 மில்லிமீட்டராகப் பெருகும், பத்து ஏழாகிவிடும். அந்தக் கோணலைத் தருவது கையின் ஆட்டமன்று. இதோ சரியாக வந்துவிட்டது, இப்போதே விடு என்று மனம் இடும் கட்டளை. அந்தக் கட்டளை கலிமா விரலுக்கு மட்டும் போவதில்லை; மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன, மணிக்கட்டு குனிகிறது.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தஹிய்யாத்தில் பெருவிரலும் நடுவிரலும் வளையமாகி, சிறுவிரல்கள் இரண்டும் மடங்கி, லா இலாஹ என்னும்போது சுட்டுவிரல் மட்டும் உயர்ந்து, இல்லல்லாஹ் என்னும்போது தாழ வேண்டும் என்பது நம் ஹனஃபி முறை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதிப்பேர் கை முழுவதையும் தூக்குவார்கள். மணிக்கட்டைத் தொடையில் அழுத்திப் பிடித்து, விரல் மட்டும், விரல் மட்டும் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். என் மகளிடம் இருந்ததும் அதே பிழைதான். அதைத் திருத்துவதற்கு நான் திருகாணியைத் தேடிப் போயிருக்கிறேன்.

முன்னோர்களும் இதை அறிந்திருந்தார்கள். வில்லாசான்கள் பிடித்தல், பூட்டுதல், இழுத்தல், விடுதல், நோக்குதல் ஆகியவற்றை அக்கலையின் அடிப்படைகளாக எண்ணினார்கள். எண்ணிக்கையில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. விடுதலை, அதாவது இத்லாக்கை, இழுத்தலின் வால்போலக் கருதாமல் தனி அடிப்படையாக வைத்ததைக் கவனிக்க வேண்டும். மம்லூக்குகளின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், தைபுகா எழுதிய குன்யத்துத் துல்லாப் என்னும் நூல் இக்கலையைப் பற்றியது. நாணைப் பெருவிரலால் இழுத்துச் சுட்டுவிரலால் பூட்டும் அந்தப் பிடிக்குப் பெயர் 'அறுபத்து மூன்று'. அரபிகள் விரல்களால் எண்ணிக் காட்டிய பழைய கணக்கில் அந்தக் கைவடிவம் 63ஐக் குறிக்கும். அத்தஹிய்யாத்தில் நபி (ஸல்) அவர்களின் கைவடிவத்தை இப்னு உமர் (ரலி) அவர்கள் 53 என்று வருணித்த அதே கணக்கு. பாடம் நடத்தும்போது கடந்துபோய்விடும் ஓர் எண், என் கூடத்தில் துப்பாக்கிப் பெட்டியருகே எனக்கு விளங்கியது.

"நீ சுடாதே. சுவருல விரல வச்சு, ஒரே சீரா அழுத்தத்தக் கூட்டிக்கிட்டே போ. எப்ப விடுபடும்னு உனக்குத் தெரியக் கூடாது" என்பார் பயிற்றுநர். கண் முன்குறியில் இருக்க வேண்டும், தாளில் இருக்கக் கூடாது. விடுபட்ட பிறகும் ஓரிரு விநாடி கையை இறக்காமல் அதே இடத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறு, எட்டு விநாடிக்குள் விடுபடவில்லையென்றால் சுடாமலே கையை இறக்கிவிட வேண்டும். கடைசியில் சொன்னதுதான் அவளுக்கு மிகக் கடினமாக இருந்தது. இறக்கினால் தோற்றதுபோல் இருக்கிறது என்றாள்.

அவளுக்கு நான் தஜ்வீதிலிருந்து சொன்னேன், அது மட்டும் பலித்தது. கல்கலா எழுத்து ஸுகூனாக வரும்போது, அந்த எதிரொலி எழுத்தின் பிறப்பிடம் அழுந்தி விடுபடுவதால் தானே பிறக்க வேண்டும். அதை வரவழைக்க வேண்டுமென்று முனைந்த பிள்ளையின் வாயில் தாலுக்கு ஒரு ஃபத்ஹா ஒட்டிக்கொள்ளும்; அஹத் என்பது அஹத என்றாகிவிடும். "அப்ப நான் ஒவ்வொரு குண்டுக்கும் ஃபத்ஹா போடுறேனா அத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு வாரம் தாளே இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல் பழகினாள். இத்தகைய துப்பாக்கிகளில் வெற்றாகச் சுட்டுப் பழகத் தனி ஏற்பாடு உண்டு. பழைய ஸ்பிரிங் வகைக் காற்றுத்துப்பாக்கிகளில் இப்படிச் செய்தால் உள்ளே பிஸ்டன் மோதிக் கெட்டுப்போகும், பழகுவோர் கவனிக்கவும்.

பத்ரில் நபியவர்கள் எறிந்த கைப்பிடி மண்ணைக் குறித்து அருளப்பட்ட அல் அன்ஃபாலின் 17ஆம் ஆயத் எனக்கு இந்நாட்களில் ஓயாமல் நினைவுக்கு வந்தது. எறிந்தபோது நீர் எறியவில்லை என்பதன் ஆழம் வேறு. அதை ஒரு விளையாட்டு நுட்பத்துக்குச் சான்றாக இழுக்க எனக்கு உரிமையில்லை. நினைவுக்கு வந்தது என்று மட்டும் சொல்கிறேன். மனு பாக்கர் பாரிஸ் வெற்றிக்குப் பின் தம் வேதநூலை நினைவுகூர்ந்து, செயலைச் செய்துவிட்டு விளைவை விட்டுவிட்டதாகச் சொன்னார். தவக்குலைப் பற்றி நாம் பேசும் மொழி வேறு. ஆனால் அந்தப் பெண் எதைக் கைவிடக் கற்றார் என்பது எனக்கு விளங்கியது.

போட்டியன்று பரிசோதனை மேசையில் அதிகாரி கொக்கியை மாட்டியபோது என் கண் அவருடைய கையைவிட்டு அகலவில்லை. சரியாக நடுவில் மாட்டினார். கல் எழும்பியது. ஒட்டுவில்லையை ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான்காம் குண்டுக்கு அவள் கையை உயர்த்தி, நிறுத்தி, சுடாமலே இறக்கினாள். மறுபடியும் உயர்த்தினாள், இறக்கினாள். மூன்றாம் முறையும் இறக்கினாள். பக்கத்து வரிசைப் பிள்ளைகள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். பின்னால் நாற்காலியில் நான் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன். நான்காம் முறை விடுபட்டது. திரையில் 9 என்று வந்தது. மொத்தம் 528 எடுத்தாள். பதக்கத்துக்கு அது வெகு தொலைவு. இடப்பக்கம் கீழே போனவை அறுபதில் ஏழு. திரும்பும் பேருந்தில் அந்த ஏழையும் நோட்டில் குறித்துக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்தபடியே உறங்கிவிட்டாள்.

சென்ற வாரம் என் இளைய மகன் வெயிலில் விளையாடிவிட்டு வந்து அந்த எடைப் புட்டியிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டான். அக்காள் அவனைத் திட்டியபடி, மீண்டும் நிரப்பிய புட்டியோடு என்னை மளிகைக் கடைக்கு அழைத்துப் போனாள். "என்ன ஹஜ்ரத், தண்ணியவா நிறுக்குறீங்க?" என்று கடைக்காரர் வியந்தார். தராசு 498 காட்டியது. மகள் மூடியைத் திறந்து, கடைக் குடத்திலிருந்து இன்னும் சிறிது ஊற்றினாள்.